யாருக்காகப் போகிறது இந்தப் படகு?

2013 ஜனவரி கடைசியில் ஆறு பேர் அண்டார்டிகாவின் விளிம்பில் இருக்கும் எலிஃபன்ட் தீவிலிருந்து ஒரு மரப்படகில் கிளம்பினார்கள். படகின் நீளம் ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம்மூரில் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் டெம்போ வேன் அளவு, அவ்வளவுதான். போய்ச் சேரவேண்டிய தெற்கு ஜார்ஜியா தீவு சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. நடுவில் இருப்பது உலகத்திலேயே மோசமான கடல்களில் ஒன்று. அவர்கள் போட்டிருந்தது நூறு வருஷத்துக்கு முந்தைய பாணியில் தைத்த பருத்தித் துணியும் கம்பளியும். முதல் அலையிலேயே நனைந்துவிடும், அப்புறம் காயவே காயாது. ஜி.பி.எஸ். பார்த்து ஓட்டக்கூடாது, செக்ஸ்டன்ட்டில் சூரியனைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர்களே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள்.

இதை யாரும் அவர்கள்மேல் திணிக்கவில்லை. குழுவின் தலைவர் டிம் ஜார்விஸ் ஆஸ்திரேலியாவில் வாழும் ஆங்கிலேயர், துருவப் பயணங்களில் பழுத்தவர். படகுக்கு அலெக்ஸாண்ட்ரா ஷாக்கில்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள். எர்னஸ்ட் ஷாக்கில்டனின் பேத்தியின் பெயர் அது. 1916-இல் ஷாக்கில்டன் ஐந்து பேரோடு இதே தீவிலிருந்து இதே தீவுக்கு, ஜேம்ஸ் கெயர்ட் என்ற படகில் போனார். அந்தப் பயணத்தை அப்படியே திரும்பச் செய்து பார்ப்பதுதான் நோக்கம். 'அப்படியே' என்ற அந்தச் சொல்லில்தான் எனக்குச் சிக்கல். ஒரு கஷ்டத்தை அப்படியே திரும்பச் செய்ய முடியுமா? முடிந்தால், திரும்பக் கிடைப்பது என்ன?

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். அண்டார்டிகாவைக் குறுக்கே நடந்து கடப்பது ஷாக்கில்டனின் திட்டம். கண்டத்தில் கால் வைப்பதற்கு முன்பே, 1915 ஜனவரியில், அவருடைய எண்டியூரன்ஸ் கப்பல் வெடல் கடலின் பனியில் மாட்டிக்கொண்டது. பத்து மாதம் பனி அதை நெரித்தது. அக்டோபரில் கப்பலைக் கைவிட்டார்கள், நவம்பரில் அது மூழ்கியது. 28 பேர் மிதக்கும் பனிப்பாளத்தின்மேல் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள். பாளம் உடைந்தபோது மூன்று படகுகளில் ஏறி, 1916 ஏப்ரல் 15 அன்று எலிஃபன்ட் தீவில் கரையேறினார்கள். திடமான நிலத்தில் கால் பட்டு 497 நாள் ஆகியிருந்தது. ஆனால் அந்தத் தீவுக்கு எந்தக் கப்பலும் வராது. அவர்கள் அங்கே இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே யாராவது போய்ச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 24 அன்று ஆறு பேர் கிளம்பினார்கள். ஷாக்கில்டன், வழி பார்க்கும் ஃப்ராங்க் வொர்ஸ்லி, டாம் க்ரீன், தச்சர் ஹாரி மெக்நிஷ், மாலுமிகள் டிம் மெக்கார்த்தி, ஜான் வின்சென்ட். மீதி 22 பேரைத் தீவில் ஃப்ராங்க் வைல்ட் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார்கள்.

*

ஜார்விஸின் பயணம் பற்றிய ஆவணப்படத்தை நண்பர் ஒருவரோடு சேர்ந்து பார்த்தேன். அவர் பாதியிலேயே போனை எடுத்துவிட்டார். "பின்னாடி ஒரு கப்பல் வருதுல்ல? அப்புறம் என்ன இவங்க கஷ்டப்படுறது? முடியலன்னா ஏறிக்கப் போறாங்க. இதெல்லாம் காஸ்ட்லியான கூத்து" என்றார்.

அவர் சொன்ன தகவல் சரிதான். ஆஸ்ட்ராலிஸ் என்ற துணைக்கப்பல் கூடவே வந்தது. அவசரத்துக்கு நவீனக் கருவிகளும் படகில் இருந்தன. இன்னொன்றையும் அவர் சேர்த்துக்கொண்டிருக்கலாம்: ஷாக்கில்டன் போனது ஏப்ரல்–மே, தென்பகுதியில் குளிர்காலம் இறங்கும் நேரம். ஜார்விஸ் போனது ஜனவரி–பிப்ரவரி, அங்கே கோடை. ஷாக்கில்டன் குழுவினர் ஒரு வருஷத்துக்கு மேல் பனியில் கிடந்து, சீல் மாமிசம் தின்று, நலிந்த உடம்போடு கிளம்பினார்கள். இவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, பயிற்சி எடுத்து, ஸ்பான்சர் பிடித்து வந்தவர்கள்.

ஆனாலும் 'கூத்து' என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உடம்புக்கு நடிக்கத் தெரியாது. ஈரக் காலுறைக்குள் நாள்கணக்கில் கிடந்த பாதம் வெளுத்து, மரத்து, வீங்குவதை டிரெஞ்ச் ஃபுட் என்பார்கள். முதல் உலகப்போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களுக்கு வந்த நோய் அது. ஜார்விஸ் குழுவில் சிலருக்கு அது வந்தது. தெற்கு ஜார்ஜியாவில் கரையேறிய பிறகு மலையைக் கடக்க அவர்களால் முடியவில்லை. இது கோடையா, இது படப்பிடிப்பா என்றெல்லாம் பாதம் கேட்டுக்கொண்டு வீங்கவில்லை.

கடலுக்கும் அப்படித்தான். 1997-இல் ஓர் ஐரிஷ் குழு இதே முயற்சியில் இறங்கியது. ஷாக்கில்டனோடு போன ஐரிஷ்காரரான டாம் க்ரீனின் பெயரையே படகுக்கு வைத்திருந்தார்கள். நடுக்கடலில் புயல் பிடித்தது. படகு திரும்பத் திரும்பக் குப்புறக் கவிழ்ந்து எழுந்தது. கடைசியில் ஆட்கள் துணைப்படகில் ஏறிக்கொண்டார்கள், பிரதிப் படகைத் தாங்களே கடலில் மூழ்கடித்தார்கள். துணைப்படகு இல்லாதிருந்தால் அந்தக் குழுவின் கதை வேறு. 2000-இல் ஜெர்மானியர் ஆர்வெட் ஃபுக்ஸின் பிரதிப் படகு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. எனக்கென்னவோ போய்ச் சேர்ந்த படகைவிடக் கவிழ்ந்த படகுதான் மூலப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்வதாகத் தோன்றுகிறது. ஜேம்ஸ் கெயர்டும் அப்படியே கவிழ்ந்திருக்கலாம். கவிழாதது பாதி திறமை, பாதி குருட்டு அதிர்ஷ்டம். மீட்புக் கதைகளில் நாம் அந்த இரண்டாவது பாதியை மெதுவாக முதல் பாதிக்குள் தள்ளிவிடுகிறோம்.

ஆக, குளிர் நிஜம், அலை நிஜம், வலி நிஜம். பின்னால் கப்பல் வருவதால் வலி குறைவதில்லை. அப்படியென்றால் நண்பரின் எரிச்சல் எதைத் தொடுகிறது? வலி இருந்தும் ஏதோ ஒன்று இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த 'ஏதோ ஒன்று' என்ன என்பதுதான் என் கேள்வி.

*

முதலில் தோன்றும் பதில்: விருப்பம். ஷாக்கில்டனுக்கு வேறு வழியில்லை, ஜார்விஸுக்கு இருந்தது. கட்டாயத்தில் பட்ட கஷ்டம் மெய், ஆசைப்பட்டு வாங்கிய கஷ்டம் பொய்.

அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் ஒரு கடல் உதாரணம் சொல்கிறார். புயலில் மாட்டிய கப்பலின் சரக்கைத் தூக்கிக் கடலில் எறிகிறார்கள். இது விரும்பிச் செய்ததா, கட்டாயத்தில் செய்ததா? சும்மா இருக்கும்போது எவனும் தன் சரக்கைக் கடலில் எறியமாட்டான். ஆனால் அந்த நொடியில் எறிவது அவன் கைதான், முடிவு அவனுடையதுதான். அதனால் அதைக் கலப்பான செயல் என்கிறார், விருப்பத்துக்கு நெருக்கமான கலப்பு. எண்டியூரன்ஸைக் கைவிட்ட பனிப்பாளத்தில் இந்த உதாரணம் கிட்டத்தட்ட அச்சுமாறாமல் நடந்தது. ஆளுக்கு இரண்டு பவுண்டு எடைக்குமேல் சொந்தப் பொருள் கூடாது என்று உத்தரவிட்ட ஷாக்கில்டன், தன் தங்கக் காசுகளை எல்லாருடைய கண்முன்னாலும் பனியில் எறிந்தார். ஆனால் ஹஸ்ஸி என்பவரின் பாஞ்சோவை மட்டும் எடுத்துவரச் சொன்னார். பன்னிரண்டு பவுண்டு எடை! தங்கம் வேண்டாம், பாஞ்சோ வேண்டும். நெருக்கடி எல்லாவற்றையும் பறித்துக்கொண்ட பிறகும், எதை எறிவது என்ற தேர்வு மிச்சமிருந்தது.

படகிலும் அப்படித்தான். ஷாக்கில்டன் தேர்ந்தெடுத்ததெல்லாம் கரையில் வைத்துத் தேர்ந்தெடுத்தது. யார் வருவது, யார் இருப்பது. எங்கே போவது. தென்னமெரிக்கக் கரை பக்கம்தான், ஆனால் காற்று எதிர். தெற்கு ஜார்ஜியா தூரம், ஆனால் காற்று முதுகில். எவ்வளவு சாப்பாடு ஏற்றுவது. நான்கு வாரத்துக்கு மட்டும் ஏற்றினார். அதற்குள் போய்ச் சேரவில்லையென்றால் அப்புறம் சாப்பாடு இருந்தும் பயனில்லை என்ற கணக்கு. படகு கரையை விட்டு நகர்ந்ததும் தேர்வு முடிந்தது. அதற்குப்பின் செய்யவேண்டியது மட்டும்தான் இருந்தது. மூன்று பேர் படகோட்ட, மூன்று பேர் நனைந்த கலைமான்தோல் பைக்குள் சுருள வேண்டும். பையின் முடி உதிர்ந்து சோற்றிலும் வாயிலும் விழும். தெறித்த தண்ணீர் படகின்மேல் உறைந்து எடை கூடக்கூட, யாராவது தவழ்ந்துபோய்க் கோடரியால் வெட்டித் தள்ள வேண்டும், இல்லையென்றால் படகு மூழ்கும். இதில் 'வேண்டாம், நான் செய்யவில்லை' என்று சொல்ல இடமே இல்லை. சூரியன் மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது மொத்தம் நான்கு தடவைதான் வொர்ஸ்லிக்கு வாய்த்தது. அலையில் படகு துள்ள, இரண்டு பேர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, அவர் அளந்தார்.

இப்போது ஜார்விஸின் படகைப் பாருங்கள். அங்கே தேர்வு முடியவேயில்லை. இராத்திரி மூன்று மணி, கால் மரத்துவிட்டது, படகின் வயிற்றுக்குள் ஆறு பேர் ஒருவர்மேல் ஒருவர், எல்லாருக்கும் வாந்தி நாற்றம். ரேடியோவில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சூடான அறை, காய்ந்த துணி. அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருக்க வேண்டும். அடுத்த மணியும் சொல்லாமல் இருக்க வேண்டும். ஷாக்கில்டனின் ஆட்களுக்குத் தேவைப்படாத ஒரு குணம் இவர்களுக்குத் தேவைப்பட்டது. தப்பிக்கும் கதவு திறந்தேயிருக்கும்போது உள்ளே உட்கார்ந்திருக்கும் பிடிவாதம். இதைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவகையில் பூட்டிய அறைக்குள் இருப்பதைவிடத் திறந்த அறைக்குள் இருப்பது கஷ்டம்.

ஆகவே, விருப்பம் இருந்ததா இல்லையா என்ற கோட்டைப் போட்டு இரண்டு பயணங்களையும் பிரிக்க முடியாது. மூலப் பயணத்திலும் தேர்வு இருந்தது, பிரதியிலும் கட்டாயம் இருந்தது. விட்டுப்போனது வேறு.

*

எலிஃபன்ட் தீவில் மீந்த 22 பேர், மீதியிருந்த இரண்டு படகுகளையும் கல் சுவர்மேல் குப்புறக் கவிழ்த்து, அதற்கடியில் குடியிருந்தார்கள். சீல் கொழுப்பை எரித்தால் வெளிச்சம், கூடவே கரும்புகை. அதற்குள் 22 உடம்பு. பெர்ஸ் பிளாக்பரோ என்ற இளைஞன், கப்பலில் ஒளிந்து ஏறி வந்தவன், கால்விரல்கள் பனியில் அழுகிப்போயிருந்தான். ஜூன் மாதம் அந்தப் படகுக்கடியிலேயே இரண்டு டாக்டர்கள் குளோரோஃபார்ம் கொடுத்து அவனுடைய இடதுகால் விரல்களை வெட்டியெடுத்தார்கள். அந்த நேரத்தில் ஷாக்கில்டன் உயிரோடிருக்கிறாரா என்றே இவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எந்த வழியும் கிடையாது. வானம் தெளிந்த காலைகளில் வைல்ட் எல்லாரையும் படுக்கைப் பையைச் சுருட்டி வைக்கச் சொல்வாராம், பாஸ் இன்றைக்கு வந்தாலும் வரலாம் என்று. ஏப்ரல் 24-இலிருந்து ஆகஸ்ட் 30 வரை, 128 நாள்.

ஜேம்ஸ் கெயர்ட் பயணத்தைத் திரும்பச் செய்தவர்கள் ஒவ்வொருவரும் படகைச் செய்தார்கள், உடையைச் செய்தார்கள், சாப்பாட்டைக்கூடச் செய்தார்கள். அவர்களில் யாரும் தீவில் 22 பேரை விட்டுவிட்டுப் போகவில்லை. விடவும் முடியாது, அது கொலைக்குச் சமம். ஆனால் அந்த 22 பேர்தான் பயணத்தின் காரணம். அவர்களை எடுத்துவிட்டால் 1,500 கிலோமீட்டர் கடல் மிஞ்சும், குளிர் மிஞ்சும், பிடிவாதம் மிஞ்சும். அந்தப் படகு போய்ச் சேராவிட்டால் யார் சாவார்கள் என்ற கேள்வி மட்டும் மிஞ்சாது.

1916-இல் அந்தக் கேள்விக்கு விடை 28 பேர். 2013-இல் விடை அதிகபட்சம் ஆறு பேர். இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் 22 என்பதைத்தான் என் நண்பர் எரிச்சலாக உணர்ந்தார் என்று நினைக்கிறேன். கடமை என்ற சொல் கொஞ்சம் பள்ளிக்கூட வாசனை அடிக்கும், ஆனால் வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. துன்பத்துக்குப் பிரதி எடுக்கலாம். உன்னை நம்பி ஒருவன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்பதற்குப் பிரதி எடுக்க முடியாது. அது நிஜமாக இருந்தால் இருக்கும், இல்லையென்றால் இல்லை.

காத்திருந்தவர்களைப் பற்றி நாம் பேசுவதும் குறைவு, இல்லையா? படகு ஓடுவதைப் படமெடுக்கலாம். உட்கார்ந்திருப்பதை எவ்வளவு நேரம் எடுப்பது? வீட்டில் ஒருவர் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கும்போது வெளியே ஸ்டீல் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இருப்பது எப்படிப்பட்ட வேலை என்று. ஷாக்கில்டனுக்காவது துடுப்பும் பாயும் இருந்தன, பயத்தைக் கைவழியாகச் செலவழிக்க முடிந்தது. வைல்டுக்குப் படுக்கைப் பையைச் சுருட்டச் சொல்வதைத் தவிர வேறு செலவு வழியில்லை. இந்த இருவரில் யாருடைய துணிச்சல் பெரிது என்று கேட்டால் எனக்கு வைல்டின் பக்கம்தான் சாய்வு. வரலாறு அப்படிச் சாயவில்லை.

*

பிரதிப் பயணங்களில் விடுபடும் இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தச்சர் மெக்நிஷ்.

ஜேம்ஸ் கெயர்ட் முதலில் திறந்த படகு. அதன் பக்கங்களை உயர்த்தியவர் மெக்நிஷ். பெட்டிப் பலகை, ஸ்லெட்ஜ் சட்டம், கித்தான் எல்லாம் சேர்த்து மேலே மூடி போட்டார். பலகை இடுக்குகளை விளக்குத் திரி, ஓவியருடைய எண்ணெய் வண்ணம், சீல் ரத்தம் இவற்றால் அடைத்தார். அந்த மூடி இல்லாவிட்டால் படகு முதல் இரண்டு நாளில் நிரம்பியிருக்கும். 28 பேர் உயிரோடு திரும்பியதில் அவருடைய கைக்கு உள்ள பங்கு சின்னது கிடையாது.

ஆனால் இதே மெக்நிஷ் 1915 டிசம்பரில் பனிமேல் படகுகளை இழுத்துக்கொண்டு போகும்போது நின்றுவிட்டார். கப்பல் மூழ்கிவிட்டது, ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி உத்தரவுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்றார். ஷாக்கில்டன் அதை மறக்கவில்லை. அவரைப் படகில் அழைத்துப்போனதற்கு அவருடைய தொழில்திறமை ஒரு காரணம். தீவில் விட்டால் கலகம் செய்வார் என்ற பயமும் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன்பே மெக்நிஷின் செல்லப் பூனை மிசஸ் சிப்பியை, பனியில் பிழைக்காது என்று சுடச் செய்திருந்தார் ஷாக்கில்டன். மெக்நிஷ் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. எல்லாம் முடிந்து ஊர் திரும்பியபின் போலார் மெடலுக்குப் பெயர்கள் பரிந்துரைத்தபோது நான்கு பேர் விடுபட்டார்கள். மெக்நிஷும், கூடவே படகில் வந்த வின்சென்ட்டும் அந்த நால்வரில் உண்டு. படகை மிதக்கவைத்தவனுக்கு மெடல் இல்லை. 1930-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் வறுமையில் செத்துப்போனார். பிற்பாடு அவருடைய கல்லறைமேல் வெண்கலப் பூனை ஒன்றை வைத்தார்கள், 2004-இல்.

பிரதிப் படகில் ஆறு இடம் உண்டு. ஆனால் ஆறில் ஒருவர் தலைவரை உள்ளுக்குள் வெறுத்துக்கொண்டே, தலைவர் தன்னை நம்பவில்லை என்று தெரிந்துகொண்டே, அதே பைக்குள் அவரோடு சுருண்டு படுக்க வேண்டும் என்பதை எந்தக் குழுவும் நடத்திக் காட்டாது. எல்லாரும் நண்பர்கள், எல்லாரும் விண்ணப்பித்துத் தேர்வானவர்கள். பிரதி என்பது எப்போதும் மூலத்தைக் கொஞ்சம் கழுவித்தான் எடுக்கிறது. ஒருமுறை ஓர் ஆபீஸ் பயிற்சி வகுப்பில் தலைமைப் பண்புக்கு உதாரணமாக இந்தப் படகின் படத்தை ஸ்லைடில் போட்டார்கள். தலைவன் எப்படியிருக்க வேண்டும் என்று அரைமணி நேரம். தச்சரின் பெயர் வரவேயில்லை.

*

இவ்வளவு சொன்ன பிறகு, திரும்பச் செய்வதே வீண் என்று நான் முடிக்கப்போவதாகத் தோன்றலாம். இல்லை. ஜார்விஸே செய்த வேறொரு பயணம் என்னைத் தடுக்கிறது.

1912 டிசம்பர். அண்டார்டிகாவில் டக்ளஸ் மாசன், சேவியர் மெர்ட்ஸ், நின்னிஸ் மூவரும் நாய்வண்டிகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். நின்னிஸ் தன் வண்டியோடு பனிப்பிளவுக்குள் விழுந்து மறைந்தார். சாப்பாட்டில் பெரும்பகுதி அந்த வண்டியில். மீந்த இருவரும் நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றபடி திரும்பினார்கள். 1913 ஜனவரியில் மெர்ட்ஸ் இறந்தார். மாசன் கடைசி நூறு மைலைத் தனியாக இழுத்துப்பறித்துக்கொண்டு முகாமுக்கு வந்தபோது, அழைத்துப்போக வந்த கப்பல் சில மணிநேரம் முன்புதான் கிளம்பியிருந்தது. இன்னொரு குளிர்காலம் அங்கேயே. மாசன் ஆஸ்திரேலியாவில் தேசிய நாயகன் ஆனார். கூடவே ஒரு முணுமுணுப்பும் ஒட்டிக்கொண்டது: அவ்வளவு குறைந்த உணவில் ஒருவன் எப்படிப் பிழைத்தான்? மெர்ட்ஸின் உடம்பைத் தின்றாரோ?

ஷாக்கில்டன் பயணத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, ஜார்விஸ் மாசனின் உணவு அளவிலேயே, அந்தக்கால உடையிலும் கருவியிலும், அதேபோலத் தனியாக நடந்து பார்த்தார். எலும்பும் தோலுமாக ஆனார், ஆனால் பிழைத்தார். மனித மாமிசம் இல்லாமலே அது முடியும் என்று தன் உடம்பால் காட்டினார்.

மாசன் தின்னவில்லை என்று இது நிரூபிக்கவில்லை. முடியும் என்பதைத்தான் காட்டும், நடந்தது என்பதைக் காட்டாது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். செத்துப்போன ஒருவர்மேல் ஒரு பழி. அவரால் பதில் சொல்ல முடியாது. சாட்சியும் இல்லை. 'வேறு வழியில் பிழைத்திருக்கவே முடியாது' என்பதுதான் பழியின் ஒரே கால். அந்தக் காலை உடைக்க ஒருவர் தன் உடம்பைக் கொண்டுபோய் வைக்கிறார். இங்கே பயணத்துக்கு ஓர் ஆள் இருக்கிறார், போய்ச் சேரவேண்டிய ஓர் ஆள். அவர் இறந்தவர் என்பது எனக்குப் பொருட்டாகப் படவில்லை. ஷாக்கில்டன் படகைத் திரும்பச் செய்ததைவிட, படத்தில் பார்ப்பதற்குச் சப்பையான இந்த நடை எனக்கு மேலானதாகப் படுவது அதனால்தான். படகுப் பயணம் முடியுமா என்று யாரும் சந்தேகப்படவில்லை. 1916-இலேயே முடிந்துவிட்டதே. இதைச் சொன்னபோது நண்பர், "அப்ப ஒரு கேஸ் இருந்தா பண்ணலாம்ங்கிற" என்றார். கிட்டத்தட்ட அதுதான்.

*

ஜேம்ஸ் கெயர்ட் 1916 மே 10 அன்று தெற்கு ஜார்ஜியாவில் கரை சேர்ந்தது. சேர்ந்தது தவறான பக்கம். மனிதர்கள் இருக்கும் திமிங்கல வேட்டை நிலையங்கள் மலைக்கு அந்தப்பக்கம், அதுவரை யாரும் கடக்காத மலை. படகிலிருந்து எடுத்த திருகாணிகளைப் பூட்ஸின் அடியில் அடித்துக்கொண்டு, ஒரு கயிறும் தச்சர் உளியும் எடுத்துக்கொண்டு, ஷாக்கில்டன், வொர்ஸ்லி, க்ரீன் மூவரும் 36 மணிநேரம் தூங்காமல் நடந்து மே 20 அன்று ஸ்ட்ரோம்னஸ் நிலையத்தை அடைந்தார்கள். மேலாளர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மேலாளர் சோர்லே முன்பே ஷாக்கில்டனை அறிந்தவர். ஆனாலும் முகம் முழுக்கக் கரியும் தாடியுமாக நின்ற அந்த ஆளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

ஜார்விஸ் குழுவும் 2013 பிப்ரவரியில் மலையைக் கடந்து அதே ஸ்ட்ரோம்னஸில் இறங்கியது. பழைய ஆட்கள் நடந்த பனியாறுகள் இப்போது வெகுவாகச் சுருங்கிவிட்டன, பாதையே வேறாகியிருந்தது. நிலையம் 1961-இல் மூடப்பட்டது. துருப்பிடித்த தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் தூளும் நிறைந்த இடம் என்பதால் இருநூறு மீட்டருக்குள் நெருங்கவே தடை. தட்டுவதற்குக் கதவில்லை, திறக்க ஆளில்லை, உள்ளே போய்ச் சொல்லவேண்டிய செய்தியும் இல்லை. எல்லாப் பிரதிப் பயணங்களும் ஸ்ட்ரோம்னஸில் முடிகின்றன.

ஷாக்கில்டனுக்கு அங்கே பாதிதான் முடிந்திருந்தது. மூன்றே நாளில் சதர்ன் ஸ்கை என்ற கப்பலில் எலிஃபன்ட் தீவுக்குக் கிளம்பினார். பனி திருப்பியனுப்பியது. உருகுவே கொடுத்த கப்பலில் போனார், பனி திருப்பியனுப்பியது. எம்மா என்ற பாய்க்கப்பல், அதுவும் திரும்பியது. கடைசியில் சிலி அரசாங்கம் யெல்ச்சோ என்ற சின்ன நீராவிக் கப்பலைக் கொடுத்தது. பனிக்கடலுக்கென்று கட்டியதல்ல அது. கேப்டன் லூயிஸ் பார்டோ. ஆகஸ்ட் 30 அன்று பனி விலகியிருந்தது. தீவில் மதியச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்த நேரம் ஒருவர் கப்பலைக் கண்டு கத்தினார். சட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். ஷாக்கில்டன் கப்பலிலிருந்து தொலைநோக்கியில் கரையில் நின்ற உருவங்களை எண்ணிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டும் இருந்தன. கரையில் ஒருவருக்கு ஆசை, தாங்கள் வாழ்ந்த குடிசையை ஷாக்கில்டன் உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்று. அதற்கு நேரமில்லை, பனி எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. ஒரு மணிநேரத்தில் எல்லாரும் கப்பலில் ஏறியிருந்தார்கள்.